சிங்கப்பூருக்கு 112, கோவைக்கு 97: இந்த மார்க்கை வைத்து முடிவெடுக்கலாமா?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், கூடவே ஓர் எக்செல் தாள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41, கணக்காளர் வேலை. கணவருக்கு 45, பொறியாளர். இருவருக்கும் சொந்த ஊர் கோவை. சிங்கப்பூர் போய் 14 ஆண்டுகள் ஆகின்றன, பிஆர் (நிரந்தரவாச உரிமை) கிடைத்து 9 ஆண்டுகள். மகனுக்கு 12 வயது, வரும் மார்ச்சில் 13 பிறக்கிறது. மகளுக்கு 7. நால்வரும் பிஆர், நால்வரிடமும் இந்தியப் பாஸ்போர்ட். ஆறு வருடங்களுக்கு முன் ஒரு வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு வாங்கியிருக்கிறார்கள்.

கணவரின் அம்மாவுக்கு 71 வயது. கோவை வடவள்ளியில் தனியாக இருக்கிறார். சென்ற ஆண்டு குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து கணவர், "ஊருக்கே போயிடலாம்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மனைவிக்கு விருப்பமில்லை. சண்டை வேண்டாம் என்று இருவரும் உட்கார்ந்து ஒரு தாள் போட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு, மருத்துவம், படிப்பு, காற்று, தண்ணீர், போக்குவரத்து, சேமிப்பு, சொந்தபந்தம் என்று 16 வரிகள், வரிக்குப் பத்து மார்க். இருவர் போட்டதையும் கூட்டிச் சராசரி எடுத்ததில் சிங்கப்பூர் 112, கோவை 97. இப்போது கணவர், "சொந்தபந்தத்துக்கும் லிஃப்ட் வசதிக்கும் ஒரே மதிப்பா?" என்று மறுகூட்டல் கேட்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை. உண்மையில் எந்த நாட்டில் வாழ்க்கைத் தரம் மேல்? போவதென்றால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, பிஆர்-ஐக் கொஞ்ச வருடம் கையில் வைத்துக்கொள்ளலாமா? 16 வயதுக்குள் மகனின் பிஆர்-ஐ விட்டுவிட்டால் தேசிய சேவைப் (கட்டாய ராணுவப் பணி போன்றவை) பிரச்சினை தீர்ந்தது, பிறகு பல்கலைக்கழகத்துக்கு அவன் சிங்கப்பூர் வரலாம் என்று தோழி சொல்கிறாரே, சரியா? கணவர் இப்போதைய நிறுவனத்துக்கே கோவையிலிருந்து ஆன்லைனில் வேலை செய்வார், மூன்று வருடம் இந்தியாவில் வரி கிடையாது என்கிறார், அது உண்மையா? கடைசியில் ஒரு வரி: "எனக்குப் போக இஷ்டமில்லை என்று சொன்னால், அத்தையைப் பார்த்துக்கொள்ள மனமில்லாதவள் என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது."

சகோதரிக்கு வணக்கம்.

வெளிநாட்டுத் தமிழர்களின் குடும்ப, சொத்து வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தாளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் இருவரும் எழுதாத செய்தி ஒன்று இருக்கிறது. "சொந்தபந்தம்" வரியில் கோவைக்கு உங்கள் கணவர் 10 போட்டிருக்கிறார். நீங்கள் 5. இரண்டு பேரும் சொல்வது அதே வடவள்ளி வீட்டை, அதே ஆட்களைத்தான். அவருக்கு அவர்கள் அம்மா, அக்கா. உங்களுக்கு மாமியார், நாத்தனார். "இரவு வெளியே போய்வருவது" என்ற வரியிலும் இதே கதைதான். சிங்கப்பூருக்கு நீங்கள் 10 போட, கோவைக்கு அவர் 8 போட்டிருக்கிறார். பதினோரு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் தனியாக வீடு திரும்புவது உங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அவருக்கு எந்த ஊரிலும் அது ஒரு விஷயமே இல்லை.

நீங்கள் நாடுகளுக்கு மார்க் போட்டிருக்கிறீர்கள். ஆனால் யாருமே ஒரு "நாட்டில்" வாழ்வதில்லை. ஒரு அந்தஸ்தில், ஒரு வயதில், ஒரு வீட்டில் வாழ்கிறோம். சிங்கப்பூர் என்பது பிஆர் வைத்திருக்கும் 41 வயதுக் கணக்காளருக்கு ஒன்று, 13 வயதாகப்போகும் பிஆர் பையனுக்கு இன்னொன்று, வருகை அனுமதியில் வந்து நிற்கும் 71 வயது அத்தைக்கு வேறொன்று. கோவையும் அப்படித்தான். ஐந்து பேருக்கும் தனித்தனியாக எழுதவேண்டியதை ஒரே தாளில் கூட்டினால் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை, அது 112 ஆனாலும் சரி, 150 ஆனாலும் சரி.

மூன்று வரிகளுக்கு இணையத்துப் பட்டியல்களிலிருந்து எண் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். நம்பியோ இணையதளத்தில் இருப்பது பெரும்பாலும் பயனர்கள் தாங்களே உள்ளிடும் தகவல். மெர்சர், இகானமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிடும் நகரப் பட்டியல்களின் ஒரு முக்கியப் பயன், நிறுவனங்கள் வெளிநாட்டுக்கு அனுப்பும் அதிகாரிக்கு எவ்வளவு கூடுதல் படி தரலாம் என்று கணக்குப் போடுவது. அம்மா பக்கத்துத் தெருவில் இருப்பதற்கு அதில் மார்க் கிடையாது. 1990-இல் மஹபூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்களின் உழைப்பில் வந்த மனித மேம்பாட்டுக் குறியீடு இன்னும் நேர்மையானது. ஆயுள், படிப்பு, வருமானம் என்று மூன்றை மட்டும் பார்க்கிறது, அதற்குமேல் பாசாங்கு செய்வதில்லை. அதில் சிங்கப்பூர் மேல்வரிசையிலும் இந்தியா வெகு கீழேயும் இருப்பது உண்மை. ஆனால் இந்தியா என்ற எண் பீகாரையும் கேரளாவையும் கலந்த சராசரி. நீங்கள் குடிபோகப்போவது வடவள்ளிக்கு. சென் கேட்ட கேள்விதான் உங்களுக்குப் பயன்படும்: இந்த இடத்தில் இந்த மனிதரால் உண்மையில் என்ன செய்ய முடியும், என்னவாக முடியும்? அதை உங்கள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் கேட்டுப் பார்ப்போம். காலக்கெடு இருக்கும் ஆளிடமிருந்து தொடங்குகிறேன்.

மகனுக்கு மார்ச்சில் 13

தோழி சொன்னதில் பாதி சரி. பெற்றோர் வழியாக பிஆர் பெற்ற பையன்கள் தேசிய சேவைக்குக் கடமைப்பட்டவர்கள். பதினாறரை வயதில் பதிவு, 18-க்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை, அதன்பின் 40 வயதுவரை (அதிகாரிகளுக்கு 50) அவ்வப்போது அழைப்பு. தொழில்முறைத் திட்டத்தில் முதல் தலைமுறையாக பிஆர் வாங்கிய உங்கள் கணவருக்கு அது கிடையாது. சேவைக்கு முன்பே முறைப்படி பிஆர்-ஐத் துறந்தால் மகனுக்கும் சேர வேண்டிய கடமை இல்லை. இதுவரை தோழி சரி.

"பிறகு படிக்க வரலாம்" என்பதுதான் தவறு. சேவை செய்யாமல் பிஆர்-ஐத் துறந்தவர் பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால், அந்த உண்மை அவருக்கு எதிராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் என்று அரசு வெளிப்படையாகவே சொல்கிறது. கூடவே இருக்கும் குடும்பத்தாரின் குடிநுழைவு விண்ணப்பங்களையும் அது பாதிக்கலாம். ஆகவே மகனின் பிஆர்-ஐ விட்டால், அவனுக்குச் சிங்கப்பூர்க் கதவு அநேகமாக மூடுகிறது என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

13 வயது ஏன் முக்கியம்? அந்த வயதிலிருந்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்கப்போகும் பிஆர் பையனுக்கு வெளியேறும் அனுமதி வாங்கவேண்டும். இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் என்றால் பிணையும் கேட்பார்கள். அது குறைந்தது 75,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). "கோவையில் சேர்த்துப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் திரும்பலாம்" என்று மகனை வைத்துப் பரிசோதனை செய்ய இப்போது இருக்கும் வசதி மார்ச்சுக்குப் பிறகு அதே சுலபத்தில் இருக்காது.

எதைச் செய்யவே கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிஆர்-ஐத் துறக்காமல், அனுமதியும் வாங்காமல், பையனைக் கோவைக்குக் கூட்டிவந்து "தானாகக் காலாவதி ஆகட்டும்" என்று விட்டுவிடுகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள். அது குற்றம். தேசிய சேவைக்கான சட்டத்தில் 10,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு, அதைச் சந்திக்கப்போவது அவன்தான். பின்னாளில் சாங்கி விமான நிலையத்தில் இறங்க அவன் ஏன் பயப்படவேண்டும்?

படிப்பைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அவன் இந்தியக் குடிமகன், நீட், ஜேஇஇ இரண்டுக்கும் தடை இல்லை. எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தால் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்றுச் சிக்கலும் வராது, அவன் வயதுக்கு அது சரியாகப் பொருந்தும். தமிழ் பற்றிய பயத்தையும் விடுங்கள். சிங்கப்பூரில் அரசாங்கமே தாய்மொழிப் பாடமாகத் தமிழ் நடத்துகிறது. அதைப் படித்துவிட்டு வரும் பிள்ளை, கோவையில் நர்சரியிலிருந்தே ஆங்கிலத்தில் மட்டும் வளர்ந்த மாமன் மகனைவிடத் தடுமாறாமல் தமிழ் வாசித்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பிஆர்-ஐ வைத்துக்கொண்டே ஊரில் இருக்கலாமா?

சில மாதங்கள் என்றால் பிரச்சினை இல்லை, சில வருடங்கள் என்றால் கஷ்டம். பிஆர் என்பது நிரந்தரவாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, வெளிநாடு போய்வருபவருக்கு அதன் உயிர் மறுநுழைவு அனுமதியில்தான் இருக்கிறது. வழக்கமாக ஐந்தாண்டுக்குத் தருவார்கள். புதுப்பிக்கும்போது சிங்கப்பூரில் வேலை இருக்கிறதா, வருமானம் இருக்கிறதா, குடும்பம் எங்கே என்றெல்லாம் பார்ப்பார்கள். செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் இருந்தால் பிஆர்-ஏ கைவிட்டுப் போகும் நிலை வரும். உங்கள் நால்வரின் அனுமதியும் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கடிதத்தில் அது இல்லை.

வீட்டை வாடகைக்கு விடும் திட்டம் நடக்காது. வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடும் உரிமை குடிமக்களுக்கு மட்டும். பிஆர் உரிமையாளர் அறையை விடலாம், ஆனால் நீங்களும் அங்கேயே குடியிருக்கவேண்டும். பூட்டிவிட்டு வந்து "யாரோ நண்பர் தங்கியிருக்கிறார்" என்று கதை கட்டினால் வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு. ஊர் திரும்புவது முடிவானால் வீடு விற்கப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை முடித்துவிட்டதால் விற்கத் தடை இல்லை.

குடியுரிமை வாங்கிவிட்டால் அத்தையை நிரந்தரமாக அழைத்துக்கொள்ளலாமே என்றும் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். வயதான பெற்றோருக்காக பிஆர் விண்ணப்பிக்கக் குடிமகனால்தான் முடியும், அது சரி. ஆனால் விண்ணப்பிப்பது வேறு, கிடைப்பது வேறு. இரட்டைக் குடியுரிமை இரண்டு நாட்டிலும் கிடையாது, ஆகவே இந்தியப் பாஸ்போர்ட் போய்விடும். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்) அட்டை வாங்கலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பிறகு ஓசிஐ ஆகிற பிள்ளைகளுக்கு இந்தியாவில் மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் என்ஆர்ஐ இடங்கள் மட்டுமே. அத்தைக்காக மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள். அவரே, "பத்தாவது மாடியில வந்து நான் என்ன பண்ண?" என்று கேட்பதாக எழுதியிருக்கிறீர்களே.

பணக் கணக்கில் விட்டுப்போனவை

சேமிப்பு வரியில் கையில் வரும் சம்பளத்தை மட்டும் ஒப்பிட்டிருக்கிறீர்கள், கணக்காளர் நீங்களே இதை விட்டது ஆச்சரியம்தான். 55 வயதுக்குக் கீழே சிங்கப்பூரின் மத்திய சேமநிதிக்கு உங்கள் பங்கு 20 சதவீதம், முதலாளி பங்கு 17 சதவீதம். உச்சவரம்புக்குள் மாதம் 37 சதவீதம் தனியாகச் சேர்கிறது. கோவைச் சம்பளத்தோடு ஒப்பிடும்போது அந்த 17-ஐயும் சேர்த்தால்தான் நியாயம். பிஆர்-ஐத் துறந்து நிரந்தரமாக வெளியேறினால் மெடிசேவ் (சேமநிதியின் மருத்துவச் சேமிப்பு) உட்பட முழுத்தொகையும் எடுக்கலாம். வீட்டுக்காக எடுத்த பணம், வீடு விற்கும்போது வட்டியோடு சேமநிதிக் கணக்குக்குத் திரும்பி, அப்புறம்தான் உங்கள் கைக்கு வரும். வீட்டு விற்பனை, பிஆர் துறப்பு, சேமநிதி என்று இந்த வரிசையில் எத்தனை மாதம் ஆகும் என்பதை முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

கணவரின் மூன்று வருட வரிவிலக்கு ஒரு உண்மையின் மேல் கட்டிய தவறு. நீண்ட காலம் வெளியே இருந்து திரும்புகிறவருக்கு, "சாதாரணமாக வசிக்காத" குடியிருப்பாளர் என்று ஓர் இடைநிலை உண்டு. முந்தைய 10 ஆண்டில் 9 ஆண்டு என்ஆர்ஐ ஆகவோ, முந்தைய 7 ஆண்டில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இந்தியாவில் இல்லாமலோ இருந்தால் அது கிடைக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு வழக்கமாக இரண்டு, மூன்று நிதியாண்டுகள் வரும். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் வங்கி வட்டி, பங்கு லாபம் போன்ற வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. ஆனால் வடவள்ளியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வரும் சம்பளம், எந்த நாட்டு நிறுவனம் கொடுத்தாலும், எந்த நாட்டு வங்கியில் விழுந்தாலும், இந்தியாவில் ஈட்டிய வருமானம்தான். முதல் மாதத்திலிருந்தே வரி உண்டு. முதலாளியின் சேமநிதிப் பங்கும் பிஆர் போனதும் நின்றுவிடும். அவர் நிறுவனம் இந்த ஏற்பாட்டுக்கு எழுத்தில் சம்மதித்திருக்கிறதா? வாய்ச்சம்மதம் என்றால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

திரும்புவதென்றால் மாதத்தையும் யோசியுங்கள். நம் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அக்டோபர் முதல் வாரம் கழித்து வந்தால், அந்த ஆண்டில் ஏற்கெனவே விடுமுறைக்கு வந்துபோன நாட்களையும் சேர்த்து 182 நாளை எட்டவில்லை என்றால், பொதுவாக அந்த ஆண்டும் என்ஆர்ஐ கணக்கிலேயே போகும். (முந்தைய நான்கு ஆண்டில் இங்கே மொத்தம் 365 நாள் இருந்திருந்தால் வேறு கணக்கு, ஆடிட்டரிடம் கேளுங்கள்.) வந்தபின் என்ஆர்இ கணக்கை (என்ஆர்ஐகளுக்கான வங்கிக் கணக்கு) மாற்றவேண்டும். சிங்கப்பூர்ச் சேமிப்பை அங்கேயே வைத்திருக்கச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் இடைநிலை முடிந்ததும் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டவேண்டும். சிறு தொகைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரூபாய்.

செலவு பாதியாகும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு சரியில்லை. பருப்பும் காய்கறியும் வேலைக்கு ஆளும் மலிவுதான். ஆனால் இரண்டு பிள்ளைக்குத் தனியார் பள்ளி, ஒரு காரும் ஒரு ஸ்கூட்டரும், ஐந்து பேருக்கு மருத்துவக் காப்பீடு, இன்வெர்ட்டர், வருடம் ஒருமுறை வீட்டுப் பராமரிப்பு என்று எழுதிப் பாருங்கள். செங்காங்கில் பேருந்தும் எம்ஆர்டியும் செய்த வேலையை இங்கே உங்கள் பணமும் நேரமும் செய்யவேண்டியிருக்கும்.

அத்தையைப் பார்க்கப்போவது யார்?

தாளின் 16 வரிகளில் இந்த வரி இல்லை. ஆனால் இந்தப் பேச்சு தொடங்கியதே இதற்காகத்தான். ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கணவர் சொல்லும்போது அந்த வாக்கியத்தில் யார் பார்த்துக்கொள்வது என்று வருவதில்லை. அவர் பகலெல்லாம் மடிக்கணினி முன் உட்கார்ந்திருப்பார், சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால் காலை ஆறரைக்கே தொடங்கிவிடுவார். நீங்கள் வேலையை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். காலை மருந்து, பிசியோதெரபிக்கு ஆட்டோ, பள்ளி வேன், சாப்பாடு எல்லாம் யார் தலையில் விழும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. உங்கள் "இஷ்டமில்லை"யின் பெரும்பகுதி இதுதான் என்று கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. இதைச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் "பிள்ளைகள்" என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அதில் வரவில்லை. மருமகளையும் சேர்க்க 2019-இல் ஒரு திருத்த மசோதா வந்தது, நிறைவேறவில்லை. ஆகவே கடமை உங்கள் கணவருக்கும், திருப்பூரில் இருக்கும் அவர் அக்காவுக்கும் சமம். நீங்கள் செய்வது அன்பினால், கடமையினால் அன்று. இதைச் சண்டைக்கு ஆயுதமாக எடுக்கச் சொல்லவில்லை. அக்காவைக் கூப்பிட்டு மூவரும் பேச உட்காரும்போது, யார் வேலை யாருடையது என்று தெளிவாக இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் சிங்கப்பூரிலேயே இருந்தாலும் வந்தாலும் அத்தைக்குச் செய்யவேண்டியவை சில உடனே இருக்கின்றன. குளியலறையில் கைப்பிடி, வழுக்காத தரை, பகலில் ஒரு உதவியாளர். மருத்துவக் காப்பீடே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 65 வயதைத் தாண்டியவருக்கும் பாலிசி விற்கலாம் என்று 2024-இல் விதி மாறியிருக்கிறது. முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்றாண்டு. பிரீமியம் கூடுதலாக இருக்கும், சில நிறுவனங்கள் மறுக்கவும் செய்யும், இருந்தாலும் நாலைந்து இடத்தில் கேளுங்கள். சிங்கப்பூருக்கு அழைத்தால் என்ன? பிஆர் பிள்ளை பெற்றோருக்காக நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்பீடு அவருக்குக் கிடையாது, அரசு மானியமும் கிடையாது. இன்னொரு முறை இடுப்பு முறிந்தால் முழுக் கட்டணம் உங்களுடையது. உங்கள் தாளில் மருத்துவத்துக்குச் சிங்கப்பூர் பெற்ற 9 மார்க் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான். அத்தைக்கு அதில் பாதிகூடத் தேறாது. அவருக்குக் கோவைதான் நல்ல மருத்துவ ஊர். அறுவை சிகிச்சையே அங்கேதானே நடந்தது.

நான் என்ன செய்யச் சொல்கிறேன்

இப்போதைக்கு எதையும் துறக்க வேண்டாம். உங்கள் கணவருக்கு ஊதியமில்லா விடுப்பு கிடைக்கும் என்றால், மூன்று மாதம் அவர் மட்டும் வடவள்ளி போகட்டும். அம்மாவை மருத்துவரிடம் கூட்டிப்போவது, உதவியாளரைத் தேடுவது, அந்தப் பெண் வராத நாளில் சமைப்பது எல்லாம் அவரே செய்யட்டும். நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறையில் நீங்களும் பிள்ளைகளும் போய்ச் சேருங்கள். விருந்தாளியாகப் போகாமல், குடியிருக்கிறவர்களாக. கல்யாணம், கோயில், துணிக்கடை என்று சுற்றாமல் இரண்டு பள்ளிகளில் அட்மிஷன் விசாரியுங்கள். உங்கள் துறையில் நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்து, என்ன சம்பளம் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கோவையில் பன்னாட்டு நிறுவனங்களின் கணக்குப் பிரிவுகள் வந்திருக்கின்றன, சிங்கப்பூர் அனுபவத்துக்கு மதிப்பு இருக்கும். மூன்று மாதத்துக்குப் பின், அம்மா தேறிவருகிறார், அக்கா வாரம் ஒருநாள் வந்துபோகிறார், ஆள் கிடைத்துவிட்டது என்று தெரிந்தால், கோவையிலிருந்து நேரடி விமானம் இருக்கும் ஊரில் இருந்துகொண்டே சமாளிக்கலாம் என்று அவருக்கே தோன்றலாம். தோன்றாமலும் போகலாம். அப்போது அது அனுபவத்தில் எடுத்த முடிவாக இருக்கும்.

போவது என்று முடிவானால், இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒன்று, செங்காங் வீட்டுப் பணத்தில் இங்கே வாங்கும் வீடு இருவர் பெயரிலும் இருக்கவேண்டும். வடவள்ளி வீடு அத்தையின் பெயரில் இருப்பது, அவர் உயில் எழுதினாலும் அது அவர் காலத்துக்குப் பிறகுதான் செல்லும், அதுவரை அதில் உங்களுக்குச் சொத்துரிமை எதுவும் இல்லை. இரண்டு, உங்கள் சேமநிதித் தொகை உங்கள் பெயரில் உள்ள கணக்கிலேயே இருக்கட்டும். 14 ஆண்டு உழைப்பு அது.

போகவில்லை என்றால் கணவருக்கு ஒரு விலை இருக்கிறது என்பதையும் நீங்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். அம்மாவின் கடைசி ஆண்டுகளில் கூட இருக்கவேண்டும் என்ற ஆசை எந்த எக்செல் வரியிலும் அடங்காது. வருடம் இரண்டு, மூன்று முறை அவர் நீண்ட விடுப்பில் போவதற்குப் பணமும் நேரமும் ஒதுக்கி, அதை முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொள்ள உங்களால் முடியுமா என்று யோசியுங்கள்.

மகனிடம் இன்னும் எதுவும் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விடுமுறைக்குக் கிளம்பும் முன் பேசிவிடுங்கள். தேசிய சேவை என்றால் என்ன, பிஆர்-ஐ விட்டால் அவனுக்கு எது கிடைக்காமல் போகும் என்று இரண்டையும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்தே சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன்கள் பச்சைச் சீருடையில் கிளம்புவதைப் பார்த்து வளர்ந்த பையன், அவனுக்கென்று ஓர் அபிப்பிராயம் இருக்கும். அவனுக்கு வெளியேறும் அனுமதி, பிணை ஆகியவை பற்றித் தற்காப்பு அமைச்சின் தேசிய சேவைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தப் பதில், நால்வரின் மறுநுழைவு அனுமதித் தேதிகள், இருவரின் சேமநிதி அறிக்கை, வீட்டுக் கடன் பாக்கி ஆகியவற்றோடு ஜனவரியில் எனக்கு மறுபடி எழுதுங்கள்.